நானாத்தான் வந்தேன்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஒழுங்கைக்குச் சாமான் கொண்டுவரும் கடைப் பையன் மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம். வயது 16 என்கிறான். "யாரும் அனுப்பல, நானாத்தான் வந்தேன்" என்கிறான். இதை நம்புவதா, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைப்பதா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

நம்பலாம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், சும்மா இருக்க வேண்டும். பக்கத்துக் காம்பரா அண்ணன் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வேலைக்கு நிற்கிறான். தங்கச்சிக்கு டியூஷன் காசு தேவை. இவ்வளவையும் கூட்டிக் கழித்துத்தான் பஸ் ஏறுகிறார்கள். "பாவம், ஏமாந்து வந்தவன்" என்றால் அவர்களுக்குக் கோபம்தான் வரும்.

நினைத்த நாளில் ஊருக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, "மிச்சத்தைத் தீபாவளிக்குச் சேர்த்துத் தாறேன்" என்பார் முதலாளி. இடையில் விலகினால், ஆள் சேர்க்கும் தரகர் அப்பாவுக்கு ஏதும் கொடுத்திருந்தால் அந்த அட்வான்ஸ், சாப்பாடு, உடைந்த போத்தல் எல்லாம் கழிபடும். எழுத்தில் ஒன்றுமில்லாததால் பையனின் கணக்கு எடுபடாது. வேலைக்குச் சேர்ந்த திகதி, பேசிய சம்பளம், கைக்கு வந்த தொகை மூன்றையும் மாதாமாதம் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். திகதி தானாகவே பதிந்துவிடும்.

"சந்தோசமா இருக்கியா?" என்று கேட்டால், அதுவும் முதலாளிக்கு முன்னால், "ஓம்" என்றுதான் சொல்வான். எங்கே படுக்கிறான், அடையாள அட்டை யாரிடம், போன தீபாவளிக்கு எவ்வளவு கொண்டுபோனான் என்று கேளுங்கள். இரவில் ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள் என்றால், தீப்பிடித்தால் அவனுக்கு வழியில்லை. வயதில் சந்தேகமா? புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம்.

2021இலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்க முடியாது. 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர் ஆபத்தில்லாத வேலை செய்யலாம். கடை, அலுவலகச் சட்டப்படி சாதாரண வேலைநேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதோடு வாரம் ஒன்றரை நாள் லீவு. ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். பையன்தானே என்று இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

16க்குக் குறைவு, அடி, பூட்டிவைத்தல் என்றால் யோசிக்காமல் 1929க்கு அழையுங்கள். சம்பளப் பாக்கியையும் அப்போதே சொல்லிவிடுங்கள். காசு வாங்காமல் வெறுங்கையோடு லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான், விசாரிக்க ஆள் வந்தால் 15 வயதுப் பையனும் "18" என்கிறான்.