நீரோவை விட்டுவிடுங்கள்

கேள்வி: குடி, கூத்து, ஒழுக்கக்கேடு இவைதானே ரோமப் பேரரசை அழித்தன? 476-இல் ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோனதாமே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கூத்துக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் பேர்போன பேரரசர் நீரோ செத்தது கி.பி. 68-இல். குடித்த குடி நானூறு ஆண்டு கழித்தா ஆளைக் கொல்லும்? நீரோ போய் அரை நூற்றாண்டில், பேரரசர் டிராஜன் காலத்தில்தான் பேரரசின் எல்லை மிக அகலமாக விரிந்தது. 380-இல் கிறிஸ்தவம் அரச மதமாயிற்று. 410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டது. உங்கள் கணக்குப்படி பார்த்தால், ஊர் திருந்திய பிறகல்லவா உதை விழுந்திருக்கிறது!

படுக்கையறையை விட்டுவிட்டுக் கஜானாவுக்கு வாருங்கள். 193-இல் மெய்க்காவல் படையே பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் போட்டது. டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர் சிப்பாய்க்குத் தலா 25,000 செஸ்டர்ஸ் (ரோமக் காசு) என்று கேட்டு எடுத்தார். 66 நாளில் அவர் கதையும் முடிந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பது இதுதான். அடுத்து வந்த செப்டிமியஸ் செவரஸ், 211-இல் சாகும் தறுவாயில் மகன்களுக்குச் சொன்ன புத்தி: ஒற்றுமையாக இருங்கள், சிப்பாய்களுக்கு அள்ளிக் கொடுங்கள், மற்றவர்களைச் சட்டை செய்யாதீர்கள். மூத்தவன் அந்த ஆண்டு முடிவதற்குள் தம்பியைத் தீர்த்துக்கட்டினான். இரண்டாவது புத்திமதியை மட்டும் பின்னால் வந்தவர்கள் தட்டவே இல்லை. அள்ளிக் கொடுக்க வெள்ளி வேண்டுமே? காசில் செம்பைக் கலந்தார்கள். 270 வாக்கில் 'வெள்ளி'க் காசில் வெள்ளி 5 சதவீதம்கூட இல்லை.

'காட்டுமிராண்டிகள் படையெடுத்தார்களே' என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். 376-இல் ஹூணர்களுக்குப் பயந்து எல்லை ஆறான டான்யூப் கரைக்கு ஓடிவந்த கோத் என்ற ஜெர்மானியக் குலத்து மக்கள் அனுமதி கேட்டுத்தான் ஆற்றைக் கடந்தார்கள். பசித்துக் கிடந்தவர்களுக்கு ரோம அதிகாரிகள் நாய்க்கறி விற்றார்கள். விலை, நாய்க்கு ஒரு அடிமை. பெற்ற பிள்ளைகளையே கொடுத்தவர்கள் உண்டு. இரண்டே ஆண்டில் அந்த அகதிகள் ஏட்ரியனோப்பிள் போர்க்களத்தில் பேரரசர் வேலன்ஸையே சாய்த்தார்கள். அப்போதும் புத்தி வரவில்லை. 408-இல் தளபதி ஸ்டிலிகோவுக்கு மரண தண்டனை கொடுத்த கையோடு, ரோமுக்காகவே போரிட்டுவந்த அயல்குலச் சிப்பாய்களின் மனைவி மக்களையும் இத்தாலிய ஊர்களில் வெட்டிப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நேரே கோத் தலைவன் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவன் ரோமை முற்றுகையிட்டு வாங்கிய கப்பத்தில் 5,000 ராத்தல் பொன்னோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. நம் சேரக்கரைச் சரக்கு! முசிறியில் ரோமர்கள் பொன்னைக் கொட்டி அள்ளிப்போன மிளகின் ருசி கோத்துகளுக்கும் பிடித்துவிட்டது போலும்.

என்னைக் கேட்டால் உயிர்நாடி அறுந்த ஆண்டு 439. அதற்குள் பேரரசு மேற்கு, கிழக்கு என்று இரண்டாகியிருந்தது. வாண்டல் என்ற இன்னொரு ஜெர்மானியக் குலத்தின் மன்னன் கெய்சரிக் கார்த்தேஜைப் பிடித்தான். ரோமுக்குக் கோதுமையும் எண்ணெயும், மேற்குக்கு முதல்தர வரிப்பணமும் தந்துவந்த வட ஆப்பிரிக்கா கைவிட்டுப் போயிற்று. 468-இல் அதை மீட்கப் புறப்பட்ட பெருங்கடற்படையைக் கெய்சரிக் தீக்கப்பல்களை ஏவிக் கொளுத்தினான். அதற்குமேல் சிப்பாய்ச் சம்பளத்துக்கு எங்கே போவது?

476-க்கு வருவோம். இத்தாலியில் இருந்த கூலிப்படை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டது. சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸை அரியணையில் வைத்து ஆண்டுவந்த அவன் தகப்பன் ஒரெஸ்டஸ் மறுத்தார். படை தன்னில் ஒருவரான ஒடொவேக்கரைத் தலைவனாக்கியது, ஒரெஸ்டஸ் கொல்லப்பட்டார், பையனுக்கு ஆண்டுப்படி கொடுத்துக் தெற்கு இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். 193-இல் பணமாகக் கேட்டதை 476-இல் நிலமாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

'ஒரே நாளில்' என்பதும் சரியில்லை. ஒடொவேக்கர் காலத்திலும் ரோமில் செனட் கூடியது. 541 வரை கான்சல் என்ற பழைய உயர்பதவிக்கு ஆள் நியமித்தார்கள். அன்று எகிப்தின் தானியமும் வரியும் கைவசம் இருந்த கிழக்கு ரோமோ, கான்ஸ்டான்டினோப்பிளில் 1453 வரை ஆண்டது. அங்கேயும் குடியும் கூத்தும் குறைவில்லை.