மேகம் கூடினால் சூடு தணியுமா?

கேள்வி (வாலிநோக்கம்): நாலு நாள் மப்பு போட்டால் பாத்தியில் உப்பு விளையாது. பூமி சூடானால் கடல்நீர் அதிகம் ஆவியாகி மேகமும் கூடும். அந்த மேகமே சூட்டைத் தணித்துவிடாதா?

பதில்: நியாயமான ஊகம், ஆனால் பாதிதான் சரி. மேகம் பகலில் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை இரவும் பகலும் பிடித்தும் வைக்கிறது. உலகச் சராசரியில் மிஞ்சுவது சதுர மீட்டருக்குச் சுமார் 20 வாட் குளிர்ச்சி. கரியமில வாயு இரட்டிப்பானால் சேரும் வெப்பமோ ஏறத்தாழ 4 வாட். ஆக, மேகத்தில் சிறு மாற்றம் வந்தாலே கணக்கு புரண்டுவிடும்.

ஆவி கூடுவது உண்மை. 1 டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஆவியைத் தாங்கும். தாங்கும் அளவும் சேர்ந்தே ஏறுவதால் ஈரப்பத விகிதம் பெரிதாக மாறாது; மேகம் திரள்வது அந்த விகிதத்தைப் பொறுத்துத்தான். பெரு, கலிஃபோர்னியா, நமீபியா கரைகளுக்கு அப்பால், குளிர்ந்த கடல்மேல் பந்தல் போட்டதுபோல் கிடக்கும் தாழ்மேகங்களைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கடல் சூடானால் மேலிருக்கும் வறண்ட காற்று அதிகம் கலந்து அவை மெலிகின்றன. உயரத்து மேகங்கள் இன்னும் மேலே ஏறுகின்றன. உச்சியின் குளிர் ஏறக்குறைய மாறாததால் அவை விண்வெளிக்கு விடும் வெப்பம் கூடுவதில்லை, கீழே தரை மட்டும் சூடாகிறது. இரண்டும் சூட்டைக் கூட்டுபவையே.

கேள்வி (தொண்டி): பிறகு ஏன் கணிப்புகள் ஆளுக்கொன்றாக இருக்கின்றன?

பதில்: பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் உலகக் காலநிலைக் கணினி மாதிரிகளில் ஒரு கட்டம் சுமார் 100 கி.மீ. அகலம்; ராமேஸ்வரமும் ராமநாதபுரமும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். சில நூறு மீட்டர் அகல மேகம் அதில் தெரியாது என்பதால், ஈரத்தையும் காற்றோட்டத்தையும் வைத்துத் தோராயச் சூத்திரம் போடுகிறார்கள். சூத்திரம் மாறினால் விடையும் மாறும். தென்துருவத்தைச் சூழ்ந்த கடல்மேல் மேகங்களில் பனித்துகளை அதிகம் வைத்த மாதிரிகள், சூடேறும்போது அது நீர்த்துளியாக மாறி மேகம் வெளுத்து வெயிலைத் தள்ளும் என்று இல்லாத குளிர்ச்சியைக் காட்டின. 2006இல் ஏவிய கலிப்சோ செயற்கைக்கோளின் அளவீடுகளில், அங்கே உறையாத நீர்த்துளிகள் ஏற்கெனவே ஏராளம் என்று தெரிந்தது. திருத்திய பின், கரியமில வாயு இரட்டிப்பானால் ஏறும் சூடு சில மாதிரிகளில் 5 டிகிரியையும் தாண்டியது.

இதே இரட்டிப்புக்கு 1979இல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு சொன்னது 1.5 முதல் 4.5 டிகிரி. 2021இல் ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி., மாதிரிகளை மட்டும் நம்பாமல் பழங்கால வெப்பநிலைத் தடயங்களையும் நேரடி அளவீடுகளையும் சேர்த்து, 2.5 முதல் 4 என்றது. மேல்முனை அரை டிகிரி இறங்கியது. கீழ்முனை 1 டிகிரி ஏறியது. மேகம் காப்பாற்றும் என்ற வாதம் அடிபட்டது இந்தக் கீழ்முனையில்தான்.

கேள்வி (மண்டபம்): மேகம் வெப்பத்தைப் பிடிப்பதை வீட்டிலேயே அளக்கலாமா?

பதில்: அளக்கலாம். தை, மாசி ஏற்ற மாதங்கள். வெப்பமானியைச் சுவரை விட்டு விலக்கி, 1.5 மீட்டர் உயரத்தில், மேலே ஒரு மறைப்பு வைத்துக் கட்டுங்கள். மறைப்பில்லாவிட்டால் கருவியே வானத்துக்கு வெப்பத்தை இழந்து குறைத்துக் காட்டும். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் குறியுங்கள். வானத்தை எட்டாகப் பிரித்து எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்றும் எழுதுங்கள். தெளிந்த இரவில் இறக்கம் அதிகமிருக்கும். வாடை பலமாக வீசிய இரவுகளை மட்டும் கழித்துவிடுங்கள். காற்று மேலும் கீழும் கலக்கி வித்தியாசத்தை அழித்துவிடும்.