விடுதி மாணவர்கள் சரியாகச் சாப்பிடாததற்குச் சத்துணவு பற்றித் தெரியாததுதான் காரணமா?

முக்கியக் காரணம் அது இல்லை என்றுதான் சொல்வேன். நான் விடுதியில் தங்கி ஊட்டச்சத்தியல் படித்தவள்.

இரண்டாம் ஆண்டில் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விட்டார்கள். ரத்தத்தில் இரும்பு சேர்ந்த புரதமான ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருந்தால் சொட்டு மூழ்கிவிடும். என்னுடையது கொஞ்சம் இறங்கி, திரும்ப மேலே வந்து மிதந்தது. பின்னால் நின்ற தோழிகள் மூன்று பேருக்கும் அப்படியே. ஆய்வகத்தில் பார்த்தால் எனக்கு 9.4. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று அந்த மாதம்தான் தேர்வில் எழுதியிருந்தேன். அன்று ராத்திரி அழுதுவிட்டேன்.

எங்கள் காலைப் பொழுதைப் பாருங்கள். மெஸ் திறப்பது 7.30க்கு, முதல் வகுப்பு 8.30க்கு. குளியலறை வரிசை முடிந்து 8.15க்குப் போனால் சட்னி தீர்ந்திருக்கும். டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடுவோம். 11 மணிக்கு ஒரு பப்ஸ், இன்னொரு டீ. மதியம் சாப்பிட்ட கையோடு மறுபடியும் டீ. டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. எங்களுக்கும் இது பாடத்தில் இருந்தது. ஆனால் காலையில் வயிற்றுக்குக் கிடைத்தது டீ ஒன்றுதான்.

தெரியாமல் செய்வதும் உண்டு. சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் ரத்தம் ஊறவைக்கும் என்று பக்கத்து அறைப் பெண் தினமும் ஜூஸ் குடிப்பாள். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூடத் தேறாது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சரி, என்ன செய்யலாம்?

எனக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே டீயை மாலை 4 மணிக்குத் தள்ளிவைத்தேன். மதியச் சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி இருந்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் எல்லோருக்கும் உதவியது வேறு. நாங்கள் இருபது பேர் வார்டன் மேடத்திடம் போய், காலை உணவை டப்பாவில் வகுப்புக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டோம். முதலில் மறுத்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் காட்டினோம். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

மூன்று மாதத்தில் எனக்கு 11.6 வந்தது. 11 மணி இடைவேளையில் எங்கள் வகுப்பில் இட்லிப்பொடி வாசம் அடிக்க ஆரம்பித்தது.