தொண்டு நிறுவன வேலைக்கு எம்பிஏ தேவையா?

தம்பி, ஊரில் தொண்டு நிறுவனத்தில் சில வருடம் களப்பணி பார்த்துவிட்டு, மனைவிக்கு எச்-1பி என்ற வேலை விசாவில் கிடைத்த வேலைக்காக அமெரிக்கா வந்திருக்கிறீர்கள். கையில் எச்-4, அதாவது எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா. இங்கே எம்பிஏ முடித்தால் அதே துறையில் நல்ல இடத்துக்குப் போக முடியுமா, பணம்தான் வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே தொண்டு நிறுவனங்களின் நிதிப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன், எம்பிஏவும் இங்கேதான் படித்தேன். என்னைக் கேட்டால், எந்த வேலை வேண்டும் என்று முடிவு செய்யாமல் கல்லூரிக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

களப்பணிக்கும் திட்ட ஒருங்கிணைப்புக்கும் எம்பிஏவை யாரும் கேட்பதில்லை. குடும்ப ஆலோசனை போன்ற பணி என்றால் சமூகப்பணி போன்ற துறையில் முதுகலையும் மாநில உரிமமும் வேண்டும். கொள்கை வகுப்பதில் ஆர்வம் என்றால் பொது நிர்வாகப் படிப்பு பொருந்தும். எம்பிஏவுக்கு மதிப்பு இருப்பது நிதி, செயல்பாடு, தலைமைப் பொறுப்பு ஆகியவற்றில். அதிலும் மருத்துவமனை, பல்கலைக்கழகம், பெரிய அறக்கட்டளை போன்ற இடங்களில்தான் அதிகம்.

என் வேலையிலிருந்தே சொல்கிறேன். ஒரு அறக்கட்டளை பணம் தருகிறது. அது குழந்தைகளின் மாலை வகுப்புக்கு மட்டும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்கும். வங்கியில் பணம் இருக்கும், ஆனால் அலுவலக வாடகைக்கு அதைத் தொடக்கூடாது. அரசு மானியம் பல நேரம் இதற்கு நேர்மாறு. முதலில் நாம் செலவழிக்க வேண்டும், ரசீதுகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சம்பளம் போட வேண்டும், செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்கிறோம். அந்த மேசையில் பணவரத்தைக் கணித்துச் சொல்ல எம்பிஏ எனக்குக் கைகொடுத்தது. கட்டுப்பாடுள்ள நிதியை எப்படிப் பதிவது, நன்கொடையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் வேலையில்தான் கற்றேன்.

இனி விசா. உங்கள் விஷயத்தில் பட்டத்தைவிட இதுதான் பெரியது. எச்-4இல் இருந்துகொண்டே படிக்கலாம், ஆனால் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற, மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி கிடைக்காது. அதற்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அப்படி மாறினால் 12 மாதம் கிடைக்கும். உங்கள் எம்பிஏ ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் இருந்தால் இன்னும் 24 மாதம். ஆனால் இந்தக் கூடுதல் காலத்துக்கு வேலை தருபவர் இ-வெரிஃபையில், அதாவது ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இணைய முறையில், பதிந்திருக்க வேண்டும். சின்ன நிறுவனத்தில் சேருவதாக இருந்தால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எச்-1பிக்கு வருடாந்திர வரம்பு இருப்பதால் குலுக்கலில் தேர்வாக வேண்டும்; தொண்டு நிறுவனம் என்றாலே அந்தக் குலுக்கல் கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்புகள், லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு அமைப்புகள் ஆகியவற்றுக்குத்தான் விலக்கு. உணவு வங்கியோ சாதாரண அறநிலையமோ வருடத்துக்கு 85,000 என்ற அதே வரம்புக்குள்தான் போட்டியிட வேண்டும். மாறாக, மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) ஒப்புதலாகிவிட்டால் எச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வாங்கி எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், பட்டமே தேவையில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே மனைவியிடம் கேளுங்கள்.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்டு நிறுவனத்தில் இருந்தபடி 120 தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி என்று அமெரிக்க நண்பர்கள் சொல்வார்கள். 2007இல் வந்த அந்தத் திட்டம் அமெரிக்க மத்திய அரசின் நேரடிக் கல்விக் கடனுக்கு மட்டும்தான். எச்-4இலும் எஃப்-1இலும் இருப்பவர்களுக்கு அந்தக் கடனே கிடையாது. தனியார் கடன் வாங்கி இரண்டு வருட முழுநேர எம்பிஏ படித்துவிட்டு, தொண்டு நிறுவனச் சம்பளத்தில் அதை அடைப்பது மிகவும் கடினம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வேலை கிடைத்த பிறகு பகுதிநேரமாகப் படியுங்கள். வேலை தருபவர் வருடத்துக்கு 5,250 டாலர் வரை கல்வி உதவி தந்தால் அதற்கு வருமான வரி கிடையாது. பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் கட்டணச் சலுகையே இருக்கலாம், விசாரியுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இங்கே தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் படிவம் 990 பொது ஆவணம். ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் இலவசமாகப் பார்க்கலாம். ஏழாம் பகுதியில் இயக்குநர், நிதி அதிகாரி ஆகியோரின் சம்பளம் இருக்கும். உங்களுக்குப் பிடித்த பத்து நிறுவனங்களை எடுத்து, அந்தச் சம்பளத்தைக் கல்விக் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் அந்தப் பதவிகளில் இருப்பவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று லிங்க்டுஇன்னில் தேடுங்கள். எம்பிஏக்காரர்கள் நிறைய இருந்தால் ஒரு முடிவு, களத்திலிருந்தே ஏறி வந்தவர்கள் அதிகம் என்றால் வேறு முடிவு.

அந்தப் பட்டியலையும் ஐ-140 நிலவரத்தையும் எனக்கு அனுப்புங்கள். எந்தக் கல்லூரி, முழுநேரமா பகுதிநேரமா என்பதை அதற்குப் பிறகு சேர்ந்து பார்ப்போம்.