மோன் தீவில் ஒரே ஒரு நாள்: எந்தக் கற்காலக் கல்லறையைப் பார்ப்பது?

டென்மார்க்கின் மோன் தீவுக்குக் குடும்பத்தோடு காரில் போகிறோம், அங்குள்ள கற்காலக் கல்லறைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் க்ரோன்சாலனைத்தான் சொல்வார்கள். என் ஓட்டு கோங் ஆஸ்கர்ஸ் ஹோய்க்கு.

க்ரோன்சாலனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஃபானெஃபியோர் தேவாலயத்துக்குப் பக்கத்தில், சுமார் 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட மண்மேடு அது. சுற்றிலும் 130க்கு மேற்பட்ட பாறைகள் வேலி மாதிரி நிற்கின்றன. வயது ஏறக்குறைய 5,500 ஆண்டுகள். பாறைகளை யாரும் வெட்டி எடுக்கவில்லை. பனியுகத்துப் பனிப்பாளம் வடக்கிலிருந்து இழுத்து வந்து வயல்வெளியில் போட்டுவிட்டுப் போனவை. இவ்வளவு பெரிய மேட்டுக்குள் இருப்பது மூன்று சின்னக் கல்லறைகள்தான். செத்தவர்களுக்கு இடம் கொடுப்பதைவிட, வெளியே நின்று பார்ப்பவர்களை மலைக்க வைப்பதில்தான் அக்கறை அதிகம் என்று எனக்குத் தோன்றும். படம் எடுக்க நல்ல இடம். ஆனால் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம்.

கோங் ஆஸ்கர்ஸ் ஹோய் அதற்குச் சில நூறு ஆண்டுகள் பிந்தியது. வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த ஒரு மேடு, அவ்வளவுதான். சுமார் 8 மீட்டர் நுழைவழியில் நன்றாகக் குனிந்து போனால், ஏறக்குறைய 10 மீட்டர் நீளமுள்ள அறை வரும். அங்கே முதலில் எல்லோரும் கூரைப் பாறைகளைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். நிறுத்திய பாறைகள் சமமாக இல்லாததால் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் தட்டையான மெல்லிய கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. டென்மார்க்கின் இத்தகைய கல்லறைகள் சிலவற்றில் அந்தக் கல் அடுக்குகளுக்கு நடுவே பூர்ஜ (பிர்ச்) மரப்பட்டையை வைத்திருக்கிறார்கள். பட்டை உயிர்ப்பொருள் என்பதால், கார்பன் முறையில் கல்லறை கட்டிய காலத்தையே கணிக்க முடிந்திருக்கிறது. மழை இறங்காமல் இருக்கச் சுட்டு நொறுக்கிய சிக்கிமுக்கிக் கல்லைக் கூரைக்கு மேல் போடும் வழக்கமும் இருந்தது. பாறையைத் தூக்கி வைப்பது ஆள்பலம். ஒழுகாமல் பார்த்துக்கொண்டதுதான் கைவேலை.

'கோங்' என்றால் டேனிஷ் மொழியில் ராஜா. பெயரில் ராஜா இருக்கிறாரே என்று தேடாதீர்கள். அது பிற்காலத்து ஊர்க்கதை. இந்த வகை அறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பலரைப் புதைத்தார்கள். பழைய எலும்புகளை ஒதுக்கிவிட்டுப் புதியவர்களுக்கு இடம் பண்ணினார்கள். வாசலுக்கு வெளியே பானை வைத்துச் சடங்கும் செய்திருக்கிறார்கள்.

அப்புறம், இந்த மாதிரிக் கல்லறைகளில், சாலை போடவும் கட்டடம் கட்டவும் உடைத்தவை போகத்தான் இப்போது மிச்சம். டென்மார்க்கில் இவற்றைப் பாதுகாத்த 1937 சட்டத்துக்குப் பிறகு யாரும் தொட முடியாது.

போகும்போது ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்; போன் வெளிச்சம் போதாது. மழைக்குப் பிறகு தரை சேறாக இருக்கும், பழைய பேன்ட் போடுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மட்டும், சரி, க்ரோன்சாலனுக்கே போய்விடுங்கள்.