வேலை மாறியவர்கள் பென்ஷனை எப்போது வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இ.பி.எஸ். என்னும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் பற்றியவை. அதாவது, பி.எஃப். பிடிக்கும் நிறுவனங்களில் முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் போய்ச் சேரும் 1995-ஆம் ஆண்டுத் திட்டம். முதலில் அவை.

ராணிப்பேட்டை வாசகர்: பொதுத்துறை ஆலையில் 2007 செப்டம்பர் முதல் 18 ஆண்டு வேலை செய்துவிட்டு 55 வயதில் வெளியே வந்துவிட்டேன். இப்போதே பென்ஷன் வாங்கலாமா, 58 வரை பொறுக்க வேண்டுமா?

வாங்கலாம். 10 ஆண்டு சேவையும் 50 வயதும் முடிந்து, வேலையிலும் இல்லாதவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 58-க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு. 58 ஆனதும் அந்த வெட்டு நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நீங்காது, ஆயுள் முழுக்கத் தொடரும்.

முதலில் தொகையைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பான 15,000-ஐ 18-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து 3,857 என்று டீக்கடையில் சொல்வார்கள். 2014 ஆகஸ்ட் வரையான சேவைக்கு உச்சவரம்பு 6,500 ரூபாய்தான். எனவே 7 ஆண்டுக்கு 6,500, 11 ஆண்டுக்கு 15,000. கூட்டி 70-ஆல் வகுத்தால் 58 வயதில் கிடைப்பது சுமார் 3,000.

55-லேயே தொடங்கினால் சுமார் 2,650. மூன்று ஆண்டில் 95,000 ரூபாய் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். பிறகு மாதம் 350 குறையும். காத்திருந்தவர் உங்களை எட்டிப்பிடிக்க 80 வயதைத் தாண்ட வேண்டும். இந்தப் பென்ஷனில் அகவிலைப்படியும் கிடையாது, தொகை அப்படியே நிற்கும். ஆகவே வேறு வேலைக்குப் போகும் எண்ணமே இல்லையென்றால் இப்போதே வாங்குவதில் நஷ்டமில்லை. ஒன்று மட்டும்: உங்களுக்குப் பிறகு மனைவிக்குக் கிடைப்பது நீங்கள் வாங்கும் தொகையில் பாதி, அதாவது வெட்டுக்குப் பிந்தைய தொகையில் பாதி.

பி.எஃப். பிடிக்கும் இன்னொரு வேலை கிடைக்கும் என்றால் கணக்கே மாறிவிடும். குறைத்த பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் மறுபடி இ.பி.எஸ்.-இல் சேர முடியாது. வாங்காமல் வேலைக்குப் போனால் 15,000 சம்பளத்துக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் மாதப் பென்ஷன் 214 ரூபாய் வீதம் ஏறும். இரண்டே ஆண்டு சேர்ந்தால் உங்கள் சேவை 20 ஆகிறது. 20 முடித்தவருக்கு இனாமாக 2 ஆண்டு சேவை கூட்டப்படும். 18-இல் நிற்பவர் இதைத் தவறவிடுவது வீண்.

காட்பாடி வாசகி: அடுத்த மாதம் 58. பென்ஷனை 60 வரை தள்ளிப்போட்டால் கூடும் என்கிறார்களே?

ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும், உண்மைதான். 3,000 ரூபாய் பென்ஷன் இரண்டு ஆண்டில் சுமார் 3,240 ஆகும். அதற்காக விட்டுக்கொடுப்பது 72,000. மாதம் 240 வீதம் அதை மீட்க 25 ஆண்டு, அதாவது 85 வயது. 58 ஆன பிறகு வேலையில் இருந்தபடியே பென்ஷன் வாங்கலாம் என்பதால், தள்ளிப்போட வலுவான காரணம் வேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று தெரியவில்லை.

58-க்குப் பிறகும் நிறுவனம் பென்ஷன் பங்கு கட்டிக்கொண்டிருந்தால் விண்ணப்பம் சிக்கும். பிறந்த நாளுக்கு முன்பே கணக்குப் பிரிவில் சொல்லி, அந்தப் பங்கை பி.எஃப். பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

குடியாத்தம் வாசகர்: இரண்டு கூட்டுறவு நிறுவனங்களில் சேர்த்து 9 ஆண்டு 7 மாதம். பத்து ஆகாததால் பென்ஷன் பணத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். 6 மாதமும் அதற்கு மேலும் முழு ஆண்டாகக் கொள்ளப்படும்; உங்களுடையது 10. ஆனால் சம்பளமில்லா விடுப்பு நாட்கள் கழிக்கப்படும் என்பதால் சேவை விவரத்தில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அதில் 30, 40 நாள் இருந்தால் ஒன்பதரை ஆண்டுக்குக் கீழே இறங்கிவிடுவீர்கள். அப்படியானாலும் படிவம் 10சி-யில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள். அடுத்த வேலையின் சேவையோடு இது சேரும். பணத்தை எடுத்தால் அந்தச் சேவை அழியும். புதிய வேலையில் சம்பளம் 15,000-க்கு மேல் என்றால் திட்டத்துக்குள் திரும்பவும் முடியாது.

முதல் நிறுவனம் சொந்த பி.எஃப். டிரஸ்ட் வைத்திருந்தால், பணம் வந்தாலும் சேவை விவரம் வராமல் நின்றுவிடுவதுண்டு. அந்த டிரஸ்டிடம் சேவை விவரம் அடங்கிய ‘அனெக்ஸர் கே’ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஆற்காடு வாசகர்: மாநில அரசில் 2001-இல் சேர்ந்து, பிறகு வேறு அரசுத் துறைக்கு மாறினேன். பழைய சேவை பென்ஷனுக்குச் சேருமா?

ராஜினாமா எப்படி நடந்தது என்பதைப் பொறுத்தது. உரிய அனுமதியோடு விண்ணப்பித்து, புதிய பணியில் சேர்வதற்காகவே விலகுவதாகக் குறிப்பிட்டிருந்தால் சேரும். வெறும் ராஜினாமா என்றால் முந்தைய சேவை பறிபோகும். பணிப்பதிவேட்டில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓய்வுபெறும் மாதத்தில் தேடினால் பழைய கோப்பு கிடைப்பது அரிது.

வேலூர் வாசகி: மத்திய அரசு என்.பி.எஸ்.-இலிருந்து (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பொதுத்துறை வங்கிக்கு மாறினேன். பழைய கணக்கை முடித்துவிடலாமா?

வேண்டாம். அதே பிரான் எண்ணை (என்.பி.எஸ். கணக்கு எண்) புதிய இடத்தில் கொடுத்து, துறை மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். 60-க்கு முன் முடித்தால் சிறு தொகைகள் தவிர 80 சதவீதத்தைப் பென்ஷனாகத் திரும்பத் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட்டாக வேண்டும்.

திருப்பத்தூர் வாசகர்: இ.பி.எஸ். பென்ஷன் கேட்டுப் படிவம் 10டி போடுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? பிள்ளைகளோடு பெங்களூருக்குக் குடிபோகப்போகிறேன்.

எல்லா வேலையும் ஒரே யூஏஎன் எண்ணின் (பி.எஃப். உறுப்பினருக்கான பொது எண்) கீழ் இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்பதுதான் முதல் வேலை. பழைய நிறுவனத்தில் விலகிய தேதியும் புதியதில் சேர்ந்த தேதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதார், பி.எஃப்., வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதியதும் எழுதாததும்தான் நம் ஊரில் வழக்கமான தகராறு. குடிபெயர்வது பிரச்சினையே இல்லை. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம். ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று மட்டும் கொடுத்தால் போதும், அது கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.