எந்த வட்டி மாடலை நம்பலாம்?

கேள்வி: எங்கள் நிறுவனத்திடம் 10 ஆண்டுக் கடன் பத்திரங்கள் இருக்கின்றன. 5 ஆண்டு கழித்து, வெளியிட்டவர் விரும்பினால் பணத்தைத் திருப்பித் தந்து முடித்துக்கொள்ளலாம் (கால் ஆப்ஷன்). இவற்றை மதிப்பிட ஒரு மென்பொருள் விற்க வருகிறார்கள். அதில் வட்டி எப்படி ஏறி இறங்கும் என்று கணக்கிடும் வாசிசெக், சி.ஐ.ஆர். (காக்ஸ்-இங்கர்சால்-ராஸ்), ஹல்-வைட் என மூன்று மாடல்கள். எதை எடுப்பது?

பதில்: ஹல்-வைட் போதும்.

வாசிசெக் (1977), சி.ஐ.ஆர். (1985) இரண்டும், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் நாளடைவில் ஒரு சராசரிக்குத் திரும்பும் என்பவை. ஆனால் அவற்றில் திருகுவதற்கு இருப்பது மூன்று, நான்கு எண்கள்தான். இன்று சந்தையில் ஓடும் 1, 2, 5, 10 ஆண்டு வட்டிகள் அத்தனையும் அவற்றுக்குள் அடங்காது. ஹல்லும் வைட்டும் 1990-இல் அந்தச் சராசரியையே காலத்தோடு மாற விட்டார்கள். இன்றைய வட்டிகள் அப்படியே பொருந்திவிடும். வாசிசெக்கிலும் ஹல்-வைட்டிலும் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகுமே என்பார்கள். ஐரோப்பிய மத்திய வங்கியே 2014-இல் வைப்பு வட்டியை மைனஸ் 0.10 சதவீதமாக்கிவிட்டது. விடுங்கள்.

நான் பயப்படுவது விற்க வருபவரின் வரைபடத்துக்குத்தான். கடந்த கால வட்டியை மாடலின் கோடு ஒட்டிக்கொண்டே போகும். மயங்கிவிடாதீர்கள். இவற்றில் எதுவும் அடுத்த ஆண்டு வட்டியைச் சொல்லாது. வரைபடத்தை மூடச் சொல்லிவிட்டு, உங்கள் பத்திரத்தையே கால் ஆப்ஷன் இல்லாமல் மதிப்பிடச் சொல்லுங்கள். இன்றைய வட்டியை வைத்து நீங்கள் எக்செல்லில் போடும் விலையோடு அது ஒத்துப்போக வேண்டும். அப்புறம் மாடலில் போடும் ஏற்ற இறக்க அளவை (ஓர் ஆண்டில் வட்டி எவ்வளவு ஆடும் என்ற எண்) 1 சதவீதத்திலிருந்து ஒன்றரை ஆக்கச் சொல்லுங்கள். ஆப்ஷன் இல்லாத விலை அசையக் கூடாது. ஆப்ஷன் உள்ள விலை இறங்க வேண்டும். அந்த உரிமை வெளியிட்டவருடையது, வட்டி ஆட ஆட அதன் மதிப்பு அவர் பக்கம் ஏறும். இதைச் செய்து காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 10 ஆண்டு வட்டிக்கும் 2 ஆண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்துப் பணம் தரும் பத்திரம் என்றால் இந்த மூன்றுமே உதவாது. மூன்றிலும் ஒரே ஒரு காரணிதான் எல்லா வட்டிகளையும் அசைக்கிறது. குறுகிய கால வட்டி ஏறும்போது நீண்ட கால வட்டி இறங்குவது சந்தையில் சாதாரணம். இவற்றிலோ அந்தக் காரணி அசையும்போது எல்லா வட்டிகளும் ஒரே பக்கம்தான் அசையும். வித்தியாசத்தை நம்பியிருக்கும் பத்திரத்துக்கு அது விலையையே கெடுத்துவிடும். இரண்டு காரணி மாடல் கேளுங்கள். உங்களுடையது அந்த வகை இல்லை. அதைச் சொல்லி விலை கூடிய தொகுப்பைத் தலையில் கட்ட வந்தால் மறுத்துவிடுங்கள்.

தணிக்கைப் படிவங்களில் மாடலின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். மாடலில் போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பாரே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் மாறுவதாகக் காணோம். நீங்களாவது, ஏற்ற இறக்க எண்ணையும் வட்டி சராசரிக்குத் திரும்பும் வேகத்தையும் எந்தத் தேதியின், எந்தச் சந்தை விலையிலிருந்து எடுத்தார்கள் என்று எழுதி வாங்கி வையுங்கள்.